வீசப்படாத அந்த மஞ்சள் கொடி: என்எஃப்எல் நடுவர் பிழைகளுக்கு யாரிடம் கணக்குக் கேட்பது?

கேள்வி: பேயூக்கரையான்

வணக்கம். லூசியானாவில் படித்த காலத்தில் தொற்றிக்கொண்ட, என்எஃப்எல் என்ற அமெரிக்கக் கால்பந்து லீக்கின் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி மீதான பற்று, அந்த மாநிலத்தை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும் என்னை விடவில்லை. அதோடு சேர்ந்து வந்த ஒரு மனக்குறையும் விடவில்லை. அதைப் பற்றித்தான் இங்கே கேட்கிறேன்.

2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோம் அரங்கில் செயின்ட்ஸ் அணிக்கும் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணிக்கும் நடந்த, லீக்கின் இரு பிரிவுகளுள் ஒன்றான என்எஃப்சியின் இறுதி ஆட்டத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். வென்றவருக்கு லீக்கின் மாபெரும் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் இடம் என்ற நிலையில், ஆட்டம் 20-20 என்று சமமாக நின்றது. முடிய 1 நிமிடம் 49 நொடிகளே இருந்தன. ராம்ஸின் 13 கெஜக் கோட்டிலிருந்து, மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), செயின்ட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ட்ரூ பிரீஸ் வலது ஓரமாக ஓடிய சக ஆட்டக்காரர் டாமிலீ லூயிஸுக்குப் பந்தை எறிந்தார். பந்து வந்து சேரும் முன்பே ராம்ஸின் நிக்கல் ரோபி-கோல்மன் பாய்ந்து வந்து, பந்தைத் திரும்பியும் பார்க்காமல், தலைக்கவசத்தோடு மோதி அவரைச் சாய்த்தார். அருகில் நடுவர்கள் இருந்தார்கள். குற்றம் கண்டால் அவர்கள் வீசும் மஞ்சள் கொடி மட்டும் விழவில்லை. விழுந்திருந்தால் செயின்ட்ஸ் அணி கடிகாரத்தைக் கரைத்துவிட்டு, கடைசி நொடிகளில் எளிதான ஒரு பீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்து வென்றிருக்கும் என்பதே அன்றைய பொதுக் கணிப்பு. மாறாக 23-20 என்று முன்னிலை பெற்றதோடு நின்றுவிட்டது. ராம்ஸின் கிரெக் சூர்லைன் 48 கெஜத்திலிருந்து உதைத்து ஆட்டத்தைச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 57 கெஜத்திலிருந்து உதைத்து 26-23 என்று முடித்தும் வைத்தார்.

அது பிழைதான் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்டம் முடிந்ததும் லீக் அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசிய செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டன், தவறு என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். தாம் முந்திவிட்டதை மோதியவரே மறைக்கவில்லை. அந்த மோதலுக்காக லீக் அவருக்கு 26,739 டாலர் அபராதமும் விதித்தது. களத்தில் குற்றமாகத் தெரியாத ஒன்றுக்கு அலுவலகத்தில் தண்டம் கட்டச் சொல்வது என்ன கணக்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

லீக் தலைவர் ராஜர் குடெல் பத்து நாட்கள் வாய் திறக்கவில்லை. அசாதாரணச் சூழலில் ஆட்ட முடிவையே மாற்றும் அதிகாரத்தை விதிப்புத்தகத்தின் 17ஆம் விதி அவருக்கு அளிக்கிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி ரசிகர்கள் நீதிமன்றம் வரை போனார்கள், வழக்குகள் நிற்கவில்லை. அவ்வாண்டு மார்ச் மாதத்தில் அணி உரிமையாளர்கள் 31-1 என்ற வாக்கில், பாஸ் இன்டர்பியரன்ஸையும் (எறிந்த பந்தைப் பிடிக்க விடாமல் முன்கூட்டியே இடிக்கும் இத்தகைய குற்றத்தையும்) ரீப்ளேயில் மறுபரிசீலனை செய்யலாம் என்று ஓராண்டு விதியைக் கொண்டுவந்தார்கள். அந்த ஓராண்டு முடிந்ததும் சத்தமின்றிக் கைவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். அந்த விதி கைவிடப்பட்டது சரியா? கண்ணெதிரே தெரியும் பிழையைத் திருத்த இத்தனை வசதிகள் உள்ள லீக்கால் உண்மையிலேயே ஒரு வழி காண முடியவில்லையா, அல்லது காண விருப்பமில்லையா? செயின்ட்ஸ் ரசிகனின் புலம்பலாகவே இதை எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை; பதிலில் மட்டும் பொருள் இருக்கட்டும்.

பதில்: வெள்ளிக்கிழமை_ஊதல்

நண்பருக்கு வணக்கம். டெக்சாஸில் சில ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை இரவுகளில் உயர்நிலைப் பள்ளி அணிகளின் ஆட்டங்களில் பக்கக்கோட்டு நடுவராக நிற்கிறேன். என்எஃப்எல் தரத்துக்கும் எனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இருந்தாலும் அந்தக் கோட்டில் நிற்பவர் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்பதைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தொலைக்காட்சியில் நீங்கள் பந்தைப் பார்க்கிறீர்கள். நடுவர் பந்தைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. என்எஃப்எல் களத்தில் ஏழு பேர் நிற்கிறார்கள் என்றால், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வரும் நொடியிலும் இன்ன ரிசீவர் (பந்தைப் பிடிக்க ஓடுபவர்) என்று ஒரு பொறுப்பு உண்டு. அதன் பின் இன்ன பகுதி என்று பொறுப்பு மாறும். மோதல் நடக்கும்போது என் கண் இரு உடல்களின் மீது இருக்க வேண்டும். பந்து வந்ததா இல்லையா என்பதை ஓரக்கண்ணாலும், ரிசீவரின் கை உயர்வதைக் கொண்டும் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கால் நொடி வித்தியாசத்தில் அது நல்ல தடுப்பாகவும் இருக்கலாம், குற்றமாகவும் இருக்கலாம். ‘முழுவதும் பார்க்காததற்குக் கொடி வீசாதே’ என்பது பயிற்சியின் முதல் பாடம்.

ஆனால் அன்றைய மோதல் கால் நொடி வித்தியாசத்தில் நடந்ததல்ல. அதை நான் மறுக்க வரவில்லை. அங்கே நடந்தது வேறொன்று என்பது என் ஊகம். இரண்டு நடுவர்களின் பொறுப்புப் பகுதிகள் ஒன்றோடொன்று உரசும் இடத்தில் அது நிகழ்ந்தது. அப்படிப்பட்ட இடத்தில் ‘அவர் வீசுவார்’ என்று ஒருவரும், ‘அவர் வீசாததற்குக் காரணம் இருக்கும், பந்து எங்கோ தட்டியிருக்கலாம்’ என்று மற்றவரும் தயங்குவதை நானே என் சிறிய ஆட்டங்களில் செய்திருக்கிறேன். மேலும், ப்ளே ஆஃப் ஆட்டங்களுக்கு மதிப்பெண் அடிப்படையில் பல குழுக்களிலிருந்தும் ஆட்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒரு பருவம் முழுவதும் சேர்ந்து நின்று, ஒருவர் கண்ணசைவை மற்றவர் அறிந்த குழு, மிக முக்கியமான நாளில் கலைந்துவிடுகிறது. சிறந்த ஏழு பேரைச் சேர்த்தால் சிறந்த குழு கிடைத்துவிடும் என்ற இந்தக் கணக்கில் எனக்கு நம்பிக்கையில்லை.

கடைசி இரண்டு நிமிடங்களில் ‘ஆட்டத்தை ஆட்டக்காரர்கள் முடிவு செய்யட்டும்’ என்ற எழுதப்படாத மரபும் ஒன்று இருக்கிறது. கொடி வீசினாலும் முடிவைத் தீர்மானிக்கிறீர்கள், வீசாவிட்டாலும் தீர்மானிக்கிறீர்கள். ஆனால் வீசாதவரை அரங்கம் ஏசுவது குறைவு. சூப்பர்டோம் அந்த மரபைப் பொய்யாக்கிய நாள் அது.

பதில்: ஆட்டுக்கிடாக் கட்சி

ராம்ஸ் ரசிகன் என்ற முறையில் அடி வாங்கத் தயாராகவே எழுதுகிறேன். பேயூக்கரையான் விவரித்த அந்த ஆட்டத்தில், அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, செயின்ட்ஸின் இலக்குக் கோட்டருகே எங்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப் பந்தோடு ஓடியபோது அவருடைய தலைக்கவசத்தின் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தார்கள். அதற்கும் கொடி விழவில்லை. விழுந்திருந்தால் எங்களுக்கு டச்டவுனுக்கான (இலக்குக் கோட்டைப் பந்தோடு கடந்து எடுக்கும் ஆறு புள்ளிக்கான) புதிய வாய்ப்பு கிடைத்திருக்கும்; கிடைக்காததால் பீல்டு கோலோடு 20-20 என்று திருப்தி அடைந்தோம். அந்தச் சமநிலையே ஒரு தவறவிட்ட கொடியின் குழந்தை என்பதை நியூ ஆர்லியன்ஸில் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை.

கூடுதல் நேரத்தில் நாணயச் சுண்டலில் வென்று முதலில் பந்தைப் பெற்றவர்களும் நீங்கள்தான். பிரீஸ் எறிந்த பந்தை எங்கள் ஜான் ஜான்சன் பறித்தார். அதற்கு எந்த நடுவரும் பொறுப்பல்ல. பிழை நடந்தது உண்மை. தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்பது ரசிகமனம் செய்துகொள்ளும் சமாதானம். (அதன் பிறகு சூப்பர் பவுலில் நாங்கள் நியூ இங்கிலாந்திடம் மூன்றே மூன்று புள்ளிகள் எடுத்துத் தோற்றதைக் கண்டு உங்களுக்குக் கொஞ்சம் மனம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன்.)

பதில்: மின்னல்கோடு

மேலே உள்ளவர்கள் பிழை எப்படி நடக்கிறது என்று பேசுகிறார்கள். பேயூக்கரையானின் உண்மையான மனக்குறை, பிழைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருப்பதாகத் தோன்றுகிறது. நான் சான் டியேகோ காலத்திலிருந்து சார்ஜர்ஸ் ரசிகன். அதனால் வேறொரு நாளை நினைவூட்டுகிறேன்.

2008 செப்டம்பர் 14 அன்று டென்வரில் சார்ஜர்ஸ் 38-31 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் இலக்குக் கோட்டருகே டென்வர் குவார்ட்டர்பேக் ஜே கட்லரின் கையிலிருந்து பந்து வழுக்கி விழுந்தது; எங்கள் ஆட்டக்காரர் அதைக் கைப்பற்றினார். தலைமை நடுவர் எட் ஹோக்குலி அதை முழுமையடையாத பாஸ் (எவரும் பிடிக்காத எறிதல்) என்று நினைத்து ஊதிவிட்டார். ரீப்ளேயில் அது பாஸ் அல்ல, நழுவிய பந்துதான் என்பது தெளிவாகத் தெரிந்தது. ஆயினும் ஊதல் ஒலித்த பின் நடந்த எதுவும் கணக்கில் சேராது என்பது அன்றைய விதி. எனவே பந்து டென்வருக்கே திரும்பிப் போனது; அவர்கள் டச்டவுன் அடித்து, இரண்டு புள்ளி முயற்சியிலும் வென்று, 39-38 என்று ஆட்டத்தை முடித்தார்கள். அன்று இரவு நான் பேசிய பேச்சுகளை இங்கே எழுத முடியாது.

ஹோக்குலி தொழில்முறையில் வழக்கறிஞர். என்எஃப்எல் நடுவர்களில் பெரும்பாலோர் அவரைப் போல வேறு வேலையும் பார்ப்பவர்கள். அந்த வாரம் அவருக்கு ரசிகர்களிடமிருந்து வசைமாரி பொழிந்த மின்னஞ்சல்கள் வந்து குவிந்தன. அவற்றுள் பலவற்றுக்கு அவரே பதில் எழுதினார். தாம் தவறிவிட்டதாகவும், அதை எண்ணி வருந்துவதாகவும் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு, அப்படி ஊதப்பட்ட பந்தை மறுபரிசீலனை செய்து எதிரணிக்கு வழங்க வழி செய்யும் விதத்தில் விதியும் திருத்தப்பட்டது. தோல்வி தோல்விதான், அந்த ஆட்டத்தை இன்றும் என்னால் மறுபடி பார்க்க முடியாது. ஆனால் அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் இல்லை.

இதோடு உங்கள் 2019ஐ ஒப்பிட்டுப் பாருங்கள். தலைமை நடுவரிடம் ஆட்டம் முடிந்ததும் ஒரே ஒரு நிருபர், எல்லாப் பத்திரிகைகளின் சார்பிலும், சில கேள்விகள் கேட்கலாம் என்பது வழக்கம். அன்று பில் வினோவிச், அது அந்தப் பகுதியைக் கவனித்த நடுவரின் தீர்ப்பு என்றும், தாம் அந்தக் காட்சியைப் பார்க்கவில்லை என்றும் சொல்லி முடித்துக்கொண்டார். அந்தப் பகுதியைக் கவனித்தவரிடம் கேட்க எவருக்கும் வாய்ப்பில்லை. ஒவ்வொரு நடுவரின் ஒவ்வொரு தீர்ப்புக்கும் லீக் வாரந்தோறும் மதிப்பெண் போடுகிறது. அந்த மதிப்பெண் வெளியே வருவதில்லை. பயிற்சியாளரோ ஆட்டக்காரரோ நடுவரைப் பொதுவெளியில் விமர்சித்தால் அபராதம் விதிக்கிறார்கள். பேசக் கூடியவர்கள் எல்லாரையும் பேசாமல் செய்துவிட்டு, ரசிகர்கள் சதி என்று பேசுகிறார்களே என்று வியப்பதில் பொருளில்லை.

சதிப் பேச்சை நான் நம்புகிறவன் அல்லன். ஆனால் 2018இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கான கூட்டாட்சித் தடையை நீக்கிய பிறகு, லீக்கே பந்தய நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு ஆட்டத்தின் நடுவே அவற்றின் விளம்பரங்களைக் காட்டுகிறது. அந்த விளம்பரம் முடிந்த மறுநொடி விளக்கமில்லாத ஒரு கொடி விழுந்தால், பார்ப்பவர் மனம் எங்கே போகும்? கூடைப்பந்தில் டிம் டோனகி என்ற நடுவர், தாம் பணியாற்றிய ஆட்டங்களிலேயே பந்தயம் கட்டியது அம்பலமாகி 2007இல் குற்றத்தை ஒப்புக்கொண்டதை இந்த நாடு மறக்கவில்லை.

பதில்: மூன்றாம் கண்

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த விவாதம் பழக்கமானதாகவே இருக்கும். 2008இல் இலங்கையில் இந்திய அணி ஆடிய டெஸ்ட் தொடரில் டிஆர்எஸ் முறையைச் சோதித்துப் பார்த்தபோது, இது ஆட்டத்தைக் கெடுத்துவிடும் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்று தொலைக்காட்சி நடுவர், ‘மட்டையில் பட்டிருக்கிறதா பார்ப்போம், அடுத்த கோணத்தைக் காட்டுங்கள்’ என்று பேசுவது வீட்டில் இருக்கும் நமக்கு அப்படியே கேட்கிறது. முடிவு பிடிக்காவிட்டாலும், அது எப்படி வந்தது என்பதை நாம் கேட்டுவிடுகிறோம்.

என்எஃப்எல்லில், ரீப்ளேக்களைப் பார்த்து முடிவு சொல்லும் நியூயார்க் அறையில் என்ன பேசினார்கள் என்று ரசிகர்களுக்குத் தெரியாது. அமெரிக்கக் கால்பந்துக்கு இது ஒத்துவராது என்றும் சொல்ல முடியாது. 2019இல் தொடங்கி அதே ஆண்டில் மூடப்பட்ட ஏஏஎஃப் லீக், மேலே தனி அறையில் ‘ஸ்கை ஜட்ஜ்’ என்றொரு நடுவரை உட்கார வைத்து, களத்தில் தவறவிட்ட தெளிவான குற்றங்களைச் சுட்டும் அதிகாரத்தை அவருக்கு அளித்தது. மறுபரிசீலனைப் பேச்சையும் ஒளிபரப்பியது. காசில்லாத லீக் செய்து காட்டியதைக் காசு கொழிக்கும் லீக் செய்யவில்லை.

கருவிகளை மட்டும் வாங்கிக் குவிப்பதிலும் பயனில்லை. 2025 ஜனவரியில் நடந்த, லீக்கின் மற்றப் பிரிவான ஏஎஃப்சியின் இறுதி ஆட்டத்தில், நான்காம் காற்பகுதித் தொடக்கத்தில், நான்காவது டவுனில் ஒரு கெஜத் தூரத்துக்குப் பபலோவின் ஜாஷ் ஆலன் முட்டி மோதி நுழைந்தார். அவர் எங்கே நிறுத்தப்பட்டார் என்பதில் இரு பக்கத்து நடுவர்களுக்கும் ஒரே பார்வை இருக்கவில்லை. கான்சஸ் சிட்டிக்குச் சாதகமான இடமே நின்றது. ஆட்டம் 32-29 என்று கான்சஸ் சிட்டி பக்கம் முடிந்தது. அவ்வாண்டே, கிரிக்கெட்டில் நமக்குப் பழக்கமான ஹாக்-ஐ நிறுவனத்தின் கேமராக்களைக் கொண்டு தூரம் அளக்கும் முறையை லீக் கொண்டுவந்தது. முன்பு களத்தில் சங்கிலியை நீட்டித் தூரம் அளந்த வேலையைத்தான் அது செய்கிறது. ஆட்களின் குவியலுக்கு அடியில் பந்து எந்த இடத்தில் நின்றது என்று முடிவு செய்து வைப்பவர் இன்னும் மனிதர்தான். தவறான இடத்தில் வைத்த பந்தை அங்குலச் சுத்தமாக அளந்து சொல்வதால் பபலோ ரசிகருக்கு என்ன லாபம்?

பதில்: வெள்ளிக்கிழமை_ஊதல்

மின்னல்கோடு சொன்னதை ஏற்கிறேன். ஹோக்குலியைப் போலப் பதில் எழுத எத்தனை நடுவர்களுக்கு மனம் வரும் என்பது வேறு கேள்வி. நேரடியாகக் கேட்கப்பட்டதற்கு மட்டும் ஒரு வார்த்தை: 2019 விதி தோற்றதற்குக் காரணம், விதி அல்ல, அதைப் பயன்படுத்திய அளவுகோல். ‘தெளிவாகவும் வெளிப்படையாகவும் தெரிய வேண்டும்’ என்று எழுதிவிட்டு, எது தெளிவு என்பதை வாரத்துக்கு ஒரு விதமாக அளந்தார்கள். பயிற்சியாளர்கள் சேலஞ்ச் (மறுபரிசீலனை) கேட்டுக் கேட்டு, பெரும்பாலும் தோற்று, டைம் அவுட்டையும் இழந்து, கடைசியில் கேட்பதையே குறைத்துக்கொண்டார்கள். களத்தில் நிற்பவர்களுக்கும் எது குற்றம் என்பதில் குழப்பம் கூடியது. கைவிட்டபோது நடுவர்களில் பலர் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்: பேயூக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. ராம்ஸ் நண்பர் சொன்ன முகக்கம்பி விவகாரத்தை, உண்மையைச் சொன்னால், நான் மறந்தே போயிருந்தேன். மறுபடி பார்த்தேன், அவர் சொன்னது சரி. பிரீஸின் பந்து பறிபோனதை மறக்கவில்லை, மறக்க முயன்றேன்.

அளவுகோல் குறித்து வெள்ளிக்கிழமை_ஊதல் சொன்னதற்கு என்னிடமே சாட்சி இருக்கிறது. அந்த ஓராண்டு விதி உயிரோடு இருந்த பருவத்தின் ப்ளே ஆஃபில், 2020 ஜனவரி 5 அன்று, அதே சூப்பர்டோமில் மினசோட்டா வைகிங்ஸை எதிர்கொண்டோம். கூடுதல் நேரத்தில் கைல் ருடால்ப் எங்கள் பி. ஜே. வில்லியம்ஸைக் கையால் தள்ளி விலகி, மூலையில் பந்தைப் பிடித்து டச்டவுன் ஆக்கினார். 26-20 என்று ஆட்டம் முடிந்தது. எங்களுக்கு நேர்ந்த அநீதிக்காகவே பிறந்த விதி எங்களுக்கு உதவப்போகிறது என்று நானும் என் அறை நண்பர்களும் எழுந்து நின்று காத்திருந்தோம். இரு தரப்பிலும் கை பட்டது, மாற்றும் அளவுக்கு எதுவும் இல்லை என்று நியூயார்க்கில் முடிவு செய்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் அதற்குள் உடைமாற்றும் அறைக்குப் போய்விட்டிருந்தார்கள்.

இத்தனை நாளாக அந்த இரண்டாவது தோல்வியே எனக்கு முதலாவதைவிட அதிகமாக வலித்தது ஏன் என்று தெரியாமல் இருந்தேன். மூன்றாம் கண் சொன்னதைப் படித்தபோது ஓரளவு பிடிபட்டது. அந்த அறையில் எந்தக் கோணத்தைப் பார்த்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பது எனக்குக் கேட்டிருந்தால், வில்லியம்ஸின் கையும் ருடால்பின் தோளில் இருந்ததை அன்றே ஒப்புக்கொண்டிருப்பேன் என்று நினைக்கிறேன். அதை ஒப்புக்கொள்ள எனக்கு நான்கைந்து ஆண்டுகள் ஆயின.

மின்னல்கோடு அவர்களே, ஹோக்குலிக்கு அந்த வாரம் மின்னஞ்சல் அனுப்பியவர்களில் நீங்களும் ஒருவரா?

பதில்: மின்னல்கோடு

ஆம், அனுப்பினேன். எனக்குப் பதில் வரவில்லை. நான் எழுதியிருந்த நடைக்கு வராததே நியாயம்.